ஃபுல் டவர் காட்டுதே!

போன ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டில் மதியச் சாப்பாடு. சாம்பாரில் முருங்கைக்காயைத் தேடிக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை தட்டை நகர்த்திவிட்டு எழுந்தார். "மச்சான், ஒண்ணு காட்டுறேன், வாங்க." சாப்பிடுகிற ஆளை எழுப்பிக் காட்டுகிற அளவுக்கு என்ன என்று கையைக் கழுவிவிட்டுப் போனேன். டிவி ஸ்டாண்டின் மேல், கல்யாண ஆல்பங்களுக்கு நடுவில், பெரிய உப்பு ஜாடி மாதிரி ஒரு வெள்ளை வஸ்து நீல விளக்கோடு உட்கார்ந்திருந்தது. மாடிப்படித் திருப்பத்தில் அதன் தம்பி. மொட்டை மாடியில் அவர் ஆபீஸாக வைத்திருக்கிற அறையில் கடைக்குட்டி.

"வைஃபை மெஷ் போட்டுட்டேன். மூணும் சேர்த்து இருபத்திரண்டாயிரம். இனிமே இந்த வீட்டுல ஒயருங்கிற பேச்சே கிடையாது."

சொல்லி வாய் மூடவில்லை, மேலே இருந்து மருமகளின் குரல்: "அப்பா, மறுபடியும் சுத்துது!" ஆன்லைன் வகுப்பாம். மாப்பிள்ளை அசரவில்லை. போனை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். "எப்படிச் சுத்தும்? பாருங்க, ஃபுல் டவர் காட்டுதே!"

இந்த ஒரு வாக்கியத்தை எத்தனை வீடுகளில் கேட்டுவிட்டேன்! படித்தவர்கள், சம்பாதிப்பவர்கள், வீட்டுக்கடன் வட்டியைப் பைசா சுத்தமாகக் கணக்குப் போடுகிறவர்கள் எல்லாம் சொல்கிறார்கள். அந்த டவர் உங்களுக்கும் பக்கத்தில் இருக்கிற ஜாடிக்கும் நடுவில் இருக்கும் பாசத்தைத்தான் காட்டுகிறது ஐயா. ஆறடி தள்ளி உட்கார்ந்திருக்கிறது, பாசம் ஃபுல்லாகத்தான் இருக்கும். கடைக்குட்டிக்கும் கீழே இருக்கிற அண்ணனுக்கும் பேச்சுவார்த்தை இருக்கிறதா என்பதை உங்கள் போனின் அந்தக் கோடுகள் காட்டுவதே இல்லை. குழாய் பளபளவென்று இருந்தால் தொட்டியில் தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தமா?

ஒயரே வேண்டாம் என்கிற இந்த மூட நம்பிக்கைக்கு நான் எப்போதும் சொல்கிற பதில் அந்தமான். சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கும், அங்கிருந்து கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் என்று மற்ற தீவுகளுக்குமாக ஏறக்குறைய 2,300 கிலோமீட்டருக்குக் கடலடியில் கேபிள் போட்டார்கள். 2018 டிசம்பரில் அடிக்கல், 2020 ஆகஸ்ட் 10-ல் திறப்பு, செலவு சுமார் 1,224 கோடி ரூபாய். அதற்கு முன்னால் அந்தமானில் இன்டர்நெட்டே இல்லையா? இருந்தது. செயற்கைக்கோள் வழியாக வந்தது, அதாவது ஒயர் இல்லாமல் வந்தது. வந்த லட்சணம் தாங்காமல்தான் கப்பலை எடுத்துக்கொண்டு போய் வங்காள விரிகுடாவின் அடியில் ஒயரை இறக்கினார்கள். அந்த எஞ்சினியர்களுக்கு மெஷ் தெரியாதா என்ன? முப்பது மைலுக்கு ஒரு தோணியை நிறுத்தி, தோணிக்கு ஒரு உப்பு ஜாடியை வைத்து வேலையை முடித்திருக்கலாமே! கடலுக்கடியில் 2,300 கிலோமீட்டர் முடிகிறது. ஹாலிலிருந்து மொட்டை மாடிக்கு இருபது மீட்டர் முடியவில்லை. கேட்டால் சுவர் அசிங்கமாகிவிடுமாம்.

'மெஷ்' என்ற சொல்லே எனக்குச் சிரிப்பை வரவழைக்கிறது. நம் ஊரில் மெஷ் என்றால் ஜன்னலுக்கு அடிக்கிற கொசுவலை. உண்மையான மெஷ் மாப்பிள்ளை வீட்டில் ஏற்கெனவே இரண்டு இருக்கிறது, அவர் காசு கொடுத்துப் போட்டதுதான். கீழ்த்தளத்துக்கு மேல் ஒன்று, மாடிக்கு மேல் ஒன்று. ஆறு அங்குலத்துக்கு ஒன்றாகக் கம்பியைக் குறுக்கும் நெடுக்கும் பரப்பி, ஒவ்வொரு சந்திப்பிலும் கட்டுக்கம்பி முறுக்கி, அதன் மேல் ஐந்து அங்குலத்துக்கு கான்கிரீட். "கம்பி கொஞ்சம் கூடவே போடுங்க மேஸ்திரி, நம்ம சொந்த வீடு" என்று பக்கத்தில் நின்று சொன்னவர் அவர். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் பன்னிரண்டு சென்டிமீட்டர் சொச்சம், வேகமான 5 கிகாஹெர்ட்ஸ் அலை அதில் பாதி. கான்கிரீட் இரண்டையுமே பிடித்துத் தின்னும், அதிலும் 5 கிகாஹெர்ட்ஸை இன்னும் ஆசையாகத் தின்னும். அந்த வேகத்துக்காகத்தான் இருபத்திரண்டாயிரம் கொடுத்தார்.

பெட்டியின் மேல் போட்டிருக்கிற படத்தைப் பாருங்கள். ஒரு வீட்டை நறுக்கி உள்ளே காட்டுகிறார்கள், மூன்று மாடியிலும் நீல வட்டங்கள் கேக்கை வெட்டும் கத்தி போல ஊடுருவிப் போகின்றன. அது எந்த ஊர் வீடு? மரச்சட்டம் அடித்து ஜிப்சம் பலகை மாட்டிய அமெரிக்க வீடு. ஈரோ மாதிரி முதல் வீட்டு மெஷ் பெட்டிகள் 2016-ல் கடைக்கு வந்ததே அந்த ஊரில்தான். அங்கே சுவரில் ஆணி அடித்தால் தட்டையாக ஒரு சத்தம் கேட்கும். இங்கே டிரில் பிட் உடையும். அந்தப் படத்தை நம்பி நாம் வாங்குகிறோம், அதில் '4,000 சதுர அடி வரை' என்று வேறு போட்டிருக்கும். எந்த 4,000? கால்பந்து மைதானத்திலா, கருங்கல் மண்டபத்திலா?

சரி, சிக்னல் எப்படியோ தவழ்ந்து மேலே போய்விட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்புறம் என்ன நடக்கிறது? கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளிக்காரரைப் பார்த்திருப்பீர்கள். சமையற்கட்டுக்குப் போய் வாளியை நிரப்பும் நேரத்தில் அவரால் பரிமாற முடியாது. பரிமாறும் நேரத்தில் நிரப்ப முடியாது. ஒரே ரேடியோவில் வாங்கி அதிலேயே திருப்பிக் கொடுக்கும் பெட்டியின் கதையும் இதுதான், ஒரு தாண்டலுக்கு வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். இரண்டு பெட்டி தாண்டினால் பாதியில் பாதி. விலை கூடின பெட்டிகளில் வாளி நிரப்பவே தனியாக ஓர் ஆள் போடுகிறார்கள், மூன்றாவது ரேடியோ என்று. நல்லது. ஆனால் அவரும் அதே கான்கிரீட்டுக்குள் நுழைந்துதானே வர வேண்டும்?

நான் போனில் வேகம் பார்த்தேன். பிளான் 200 எம்பிபிஎஸ். டிவி பக்கத்தில் 190. மாடிப்படித் திருப்பத்தில் 70. மேலே, ஃபுல் டவர் காட்டுகிற அந்த அறையில் 14, அதுவும் ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டிப் பக்கச் சுவரோரம் போனால் 6. தண்ணீரும் அலையைக் குடிக்கும். மாப்பிள்ளை என் போனைச் சந்தேகமாகப் பார்த்தார். "உங்க போன் பழசு மச்சான்."

இன்னொரு வேடிக்கை. ஈதர்நெட் என்ற பெயரில் இருக்கிற 'ஈதர்', ஒரு காலத்தில் அண்டவெளி முழுக்க நிறைந்து ஒளியைச் சுமந்துவருவதாக விஞ்ஞானிகள் நம்பிய, கண்ணுக்குத் தெரியாத ஒரு பொருள். அந்தப் பெயரைக் கொண்டுபோய் ஒரு தடித்த கேபிளுக்கு வைத்தவர் ராபர்ட் மெட்காஃப், 1973-ல், செராக்ஸ் பார்க் ஆய்வுக்கூடத்தில். அவருக்கு யோசனை எங்கிருந்து வந்தது? ஹவாய் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ரம்சன் குழு 1971-ல் ஓடவிட்ட அலோஹாநெட்டிலிருந்து. தீவுக்குத் தீவு ரேடியோவில் பேசிக்கொண்ட கணினிகள், ஒரு பொட்டு ஒயர் இல்லாமல். ஆளாளுக்கு ஒரே நேரத்தில் பேசினால் மோதிச் சிதறும், காத்திருந்து மறுபடி பேச வேண்டும். அதை உட்கார்ந்து படித்த மனிதர் செய்த முதல் காரியம், இந்தக் கூச்சலைக் கேபிளுக்குள் போட்டதுதான். ஒயர்லெஸ்ஸைப் பார்த்துவிட்டு ஒயருக்கு வந்த ஆள். நாம் ஐம்பது வருடம் கழித்து எதிர்த்திசையில் நடந்து, இதுதான் முன்னேற்றம் என்கிறோம். அந்தமான்காரர்களைக் கேட்டுப் பாருங்கள்.

சரி, ஒயருக்குத்தான் வழி இல்லையே என்பீர்கள். ஏன் இல்லை? வீடு கட்டும்போது யார் தடுத்தது? ஃபால்ஸ் சீலிங்குக்கு லட்சக்கணக்கில் கொடுத்து, அதற்குள் ஆறு நிறத்தில் மாறுகிற எல்இடி பட்டை ஓட்டுகிறார்கள். பூஜையறைக் கதவில் மணி தொங்கவிடத் தேக்கு தேடிக் காரைக்குடி போகிறார்கள். தளம் போடுவதற்கு முன்னால் மாடிக்கு மாடி ஒரு முக்கால் அங்குல பிவிசி பைப் வெறுமனே விட்டு வையுங்கள் என்றால், "அதெல்லாம் எதுக்கு சார், இப்போ எல்லாம் வைஃபைதானே" என்று எஞ்சினியரே சொல்கிறார். அந்தப் பைப்பின் விலை, கிரகப்பிரவேசத்தன்று சாப்பிட்ட ஐஸ்கிரீமுக்கு ஆகாது. சுவரில் ஒயர் தெரிந்தால் அசிங்கம் என்கிற அதே வீட்டில், தீபாவளிக்குப் போட்ட சீரியல் பல்பு பங்குனி வரை பால்கனியில் தொங்குகிறது.

ஃபைபர் இணைப்பு கொடுக்க வருகிற தம்பியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் டிரில் எங்கே எட்டுகிறதோ அங்கே மோடம். செருப்பு அலமாரிக்குள், ஃபிரிட்ஜுக்குப் பின்னால், ஒரு வீட்டில் அரிசிப் பானைக்கு மேலே பார்த்தேன். வீட்டின் நடுவில் வையுங்களேன் என்றால் "அது எக்ஸ்ட்ரா வரும் அண்ணா". வேகம் வரவில்லை என்று போன் செய்தால், பத்து நிமிடம் பாட்டுப் போட்டுவிட்டு, "ஒருமுறை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க". 5ஜி டவருக்கு ஃபைபர் இழுக்கிறோம் என்று எங்கள் தெருவைத் தோண்டிய பள்ளம் இன்னும் அப்படியே இருக்கிறது. பாருங்கள், டவருக்கே ஒயர் வேண்டியிருக்கிறது! மாப்பிள்ளை வீட்டு மாடிக்கு மட்டும் வேண்டாம்.

கரண்டு ஒயர் வழியாகவே இன்டர்நெட்டை அனுப்பும் பெட்டி இருக்கிறதே என்று யாராவது கிளம்புவார்கள். மாடிக்கு ஒரு ஃபேஸ், நடுவில் இன்வெர்ட்டர் என்று நம் ஆட்கள் இழுத்து வைத்திருக்கிற வயரிங்கில் அதைச் சோதித்துப் பார்க்க எனக்குப் பொறுமை இல்லை.

புதன்கிழமை மறுபடி போனேன், கையில் கேட்-6 கேபிள் சுருளோடு. ரிச்சி தெருவில் முன்பு வாங்கி மிஞ்சியது. மீட்டர் முப்பது, நாற்பது ரூபாய்தான். செம்புதானா என்று நுனியைச் சுரண்டிப் பார்த்து வாங்க வேண்டும், அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசி விற்கிறார்கள், சுரண்டினால் வெள்ளையாகப் பல்லிளிக்கும். நல்ல கேட்-5இ கேபிளே நூறு மீட்டர் வரை ஒரு கிகாபிட்டை அலுங்காமல் கொண்டுபோகும். எனக்கு வேண்டியது இருபது.

வழி ஞாயிற்றுக்கிழமையே கண்ணில் பட்டிருந்தது. மொட்டை மாடியில் ஒரு பழைய டிடிஎச் டிஷ் துருவேறி நிற்கிறது, மேலே ஒரு காகம். எல்லாம் ஓடிடி ஆன பிறகு அதை யாரும் சீண்டவில்லை. அதன் கறுப்பு ஒயர் ஆபீஸ் அறைக்கு வெளியே ஒரு பைப்புக்குள் இறங்கி நேராக ஹால் டிவிக்குப் பின்னால் வருகிறது. வீடு கட்டின எலெக்ட்ரீஷியன் மகராசன், யாரும் கேட்காமலே செய்த புண்ணியம்.

ஹால் முனையில் பழைய ஒயரின் வாலையும் புது ஒயரின் தலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இன்சுலேஷன் டேப்பை முடிச்சுத் தெரியாமல் கூம்பாகச் சுற்றினேன். மேலே முகப்பவுடர் தூவினேன், வழுக்க. மருமகள் மாடியில் நின்று இழுத்தாள், நான் கீழே இருந்து விட்டுக்கொடுத்தேன். பாதியில் ஒரு வளைவில் நின்றுவிட்டது. "மாமா, வரல!" "இழுக்காத, கொஞ்சம் தளர்த்து... இப்போ இழு." ஒரு குலுக்கலில் விட்டது. சரசரவென்று சுருள் என் காலடியில் அவிழ்ந்து ஓடியது. இரண்டு முனையிலும் ஜாக் அடித்து, ஒன்றை டிவி ஸ்டாண்ட் ஜாடியிலும் இன்னொன்றைக் கடைக்குட்டியின் முதுகிலும் செருகினேன். அந்த ஓட்டை அங்கே எதற்கு இருக்கிறது என்று மாப்பிள்ளை இதுவரை யோசித்ததே இல்லை. ஒயரைக் கொடுத்தால் மெஷ் தங்கமாக வேலை செய்யும் என்பது அதைச் செய்தவனுக்குத் தெரியும், வாங்குகிறவனுக்குத்தான் தெரியாது. காபி, மிக்சர் எல்லாம் சேர்த்து முக்கால் மணி நேரம்.

மேலே 185.

படித்திருப்பத்துத் தம்பியைக் கழற்றிவிடலாம் என்றேன். நீல விளக்கு இல்லாமல் படி வெறிச்சென்று இருக்குமாம், வேண்டாம் என்றாள் தங்கை.

நான் கிளம்பும்போது மாப்பிள்ளை ஆபீஸ் நண்பர் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். நாற்காலியில் சாய்ந்து, சாம்பல் நிற ஒயரின் மேல் ஒரு காலைப் போட்டபடி. "மெஷ்ஷே வாங்கிடுப்பா, யோசிக்காத. முதல்ல ரெண்டு மூணு நாள் அப்படித்தான் சுத்தும், அப்புறம் அதுவா செட் ஆயிடும். இப்போ நம்ம வீட்டுல மேல 185 வருது... இல்ல இல்ல, ஒயரெல்லாம் எதுக்கு?"