முத்திரை இல்லாத கறி

கம்பம் பள்ளத்தாக்கில் ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்பே மாட்டுக்கறி விற்பனை தொடங்கிவிடுகிறது. ஆட்டுக்கறிக் கடை கடைவீதியில் பெயர்ப்பலகையோடு நிற்க, பல ஊர்களில் மாட்டுக்கறி காலனியை ஒட்டிய ஓடைக்கரையிலோ புளியமரத்தடியிலோ சாக்கின் மேல் கூறு போடப்படுகிறது. வாரம் முழுவதும் ஜீப்பில் மலையேறி இடுக்கியின் ஏலத் தோட்டங்களில் உழைக்கும் பெண்களுக்கு எட்டும் விலையில் கிடைக்கும் புரதம் அதுதான். அந்தக் கறி சுத்தமானதா என்ற கேள்வியை நம்மை இழிவுபடுத்துவோர் மட்டுமே கேட்கும்படி நாம் விட்டுவைத்திருக்கிறோம்.

நலமான விலங்கின் தசைக்குள் பெரும்பாலும் நுண்ணுயிர்கள் இருப்பதில்லை. தோலிலும் குடலிலும் உள்ள சால்மோனெல்லா, இ.கோலை முதலிய பாக்டீரியாக்கள் அறுக்கும்போதுதான் கறிக்கு வந்து சேர்கின்றன. தோலை உரித்த கத்தியே தொடையையும் வெட்டுகிறது; கிழிந்த குடலிலிருந்து சாணம் தெறிக்கிறது; ஒரே வாளித் தண்ணீர் எல்லாவற்றையும் கழுவுகிறது. ஏற்ற வெப்பத்தில் இ.கோலை ஏறத்தாழ 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். ஐந்து மணிக்கு அறுத்த கறி பதினொரு மணிக்கும் வெயிலில் தொங்கினால் என்ன ஆகுமென்று கணக்கிட ஆய்வுக்கூடம் வேண்டாம். நன்கு வேகவைத்தால் இவை மடியும் என்பது உண்மையே. ஆனால் பச்சைக்கறி நறுக்கிய அரிவாள்மனையில்தான் வெங்காயமும் நறுக்கப்படுகிறது.

இதற்கு வேண்டியவை குழாய்த் தண்ணீர், உடலைத் தரையில் படாமல் தொங்கவிடும் கொக்கி, கழிவுநீர் வாய்க்கால், அறுப்பதற்கு முன்னும் பின்னும் சோதித்து முத்திரையிடும் கால்நடை மருத்துவர். ஒரு தனிக் கடைக்காரர் தம் தோளில் சுமந்து வரக்கூடியவை அல்ல இவை.

சட்டம் இந்தக் கடைக்காரரை அறியாததன்று. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டத்தின்கீழ் வந்த 2011 ஒழுங்குமுறைகள், நாளொன்றுக்கு 2 பெரிய விலங்குகள் அல்லது 10 சிறு விலங்குகள் வரை அறுப்பவரைச் சிறு வணிகராக வகைப்படுத்திப் பதிவுச் சான்றே போதும் என்றன. அதே ஒழுங்குமுறைகளின் நான்காம் அட்டவணை, இறைச்சிக்கடை வழிபாட்டுத் தலத்திலிருந்து 50 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும் என்கிறது. மூலைக்கொரு கோயிலுள்ள ஊரில் அந்த அளவு எங்கே போய் முடியும்? காலனியில்தான். எங்கள் காளியம்மன் கோயில்கள் அந்தக் கணக்கில் வருவதில்லை போலும். ஆட்டுக்கறிக் கடைக்கும் இதே விதிதான். அங்கே எவரும் நாடா பிடித்து அளந்து நான் கண்டதில்லை.

இதைவிடக் கொடியது மற்றொரு முடிச்சு. தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டம், 1958இன்படி, 10 வயதைக் கடந்து, உழைப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் தகுதியிழந்த மாடு என்று சான்று பெற்ற பின்னரே அறுக்கலாம். இறைச்சிக்கூடமும் மருத்துவரும் எட்டாத இடத்தில், கத்தியை எடுக்கும் முன்பே அவர் குற்றவாளி. குற்றவாளியாக்கப்பட்டவர் இருட்டில் ஒளிந்து அறுக்கிறார். சாணம் கறியில் ஒட்டுவது அங்கேதான்.

உத்தரப் பிரதேசத்தில் இறைச்சிக்கடைகள் மூடப்பட்டபோது அலகாபாத் உயர் நீதிமன்றம் 2017 ஏப்ரல் 3 அன்று, அரசு தன் கடந்தகாலச் செயலின்மையைக் காரணமாக்கி முழுத்தடைக்கு நிகரான நிலையை உருவாக்க இயலாது என்ற கருத்தில் ஆணையிட்டது. உணவுத் தேர்வை வாழ்வுரிமையோடும் இணைத்தது. நம் நீதிமன்றங்களை அது கட்டுப்படுத்தாது. ஆயினும் எடுத்துவைக்கத்தக்க வலுவான வாதம். சந்தைகளில் அறுப்புக்காக மாடு விற்பதைத் தடுத்த மத்திய அரசின் விதிகளுக்கு 2017 மே 30 அன்று முதலில் இடைக்காலத் தடை விதித்தது, தேனி மாவட்டம் அடங்கிய மதுரைக் கிளையே.

சுகாதாரம் என்ற சொல் எவ்வளவு எளிதில் வெறுப்பாகத் திரியும் என்பதை 2018 நவம்பரில் சென்னை எழும்பூரில் கண்டோம். நாய்க்கறி என்று பரப்பப்பட்டது ஆட்டுக்கறி என ஆய்வு சொல்வதற்குள் பழி பரவி முடிந்திருந்தது. அந்த அச்சத்தால்தான் அழுக்குக் கறியைப் பற்றி நம் இயக்கங்கள் வாய்திறப்பதில்லை. இந்த மௌனத்தின் விலையை வயிற்றுப்போக்கில் துவளும் நம் குழந்தைகள் கொடுக்கிறார்கள்.

அரசமைப்பின் பன்னிரண்டாம் அட்டவணை இறைச்சிக்கூடங்களின் ஒழுங்குமுறையை நகராட்சிகளுக்குரிய பணிகளுள் ஒன்றாக வைத்துள்ளது. தேனி அல்லிநகரம், பெரியகுளம், போடிநாயக்கனூர், சின்னமனூர், கம்பம், கூடலூர் ஆகிய ஆறு நகராட்சிகளிடமும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்க வேண்டியது இவ்வளவே: இறைச்சிக்கூடம் உண்டா, அதில் மாடு அறுக்க அனுமதியுண்டா, முத்திரையிடும் மருத்துவர் எந்த நாள்களில் வருகிறார்? பதில் இல்லையெனில், மதுரைக் கிளையில் செயலுறுத்தும் நீதிப்பேராணை கோரலாம். கடைக்காரர் தனியே மனுச் செய்தால் வழக்கு உரிமத்தைப் பற்றியதாகச் சுருங்கிவிடும்; ஞாயிறு காலையில் பாத்திரத்தோடு வரும் பெண்களும் மனுதாரர்களாக வேண்டும்.