கினிப் பன்றியை வாங்கும் முன்

"கினிப் பன்றி வளர்க்கலாமா? அதற்கு என்ன தீனி போடுவது?" என்று மாணவர்கள் பலர் கேட்கிறார்கள். இது பன்றியும் அன்று. கினி நாட்டைச் சேர்ந்ததும் அன்று. எலி, அணில் போன்ற கொறிக்கும் பிராணி. தாயகம் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதி. இன்று சென்னைக் கடைகளில் விலைக்குக் கிடைக்கிறது. கிடைக்கிறது என்பதற்காக வாங்கிவிடலாமா? ராயபுரத்து வீடு ஒன்றை மனத்தில் வைத்துச் சிந்திப்போம்.

முதலில் தீனியைப் பார்ப்போம். பூனைக்கு வைக்கும் மீனும் சோறும் இதற்கு ஆகா. இது முழுத் தாவர உண்ணி. இதன் பற்கள் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். புல்லை ஓயாமல் மென்றால்தான் அவை தேயும்.

புல் மட்டும் போதுமா? போதாது. நாய், பூனை, எலி, முயல் ஆகியவை வைட்டமின் சி சத்தைத் தம் உடலிலேயே தயாரித்துக் கொள்கின்றன. மனிதனாலும் கினிப் பன்றியாலும் அது முடியாது. 1907ஆம் ஆண்டு நார்வேயில் ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் என்ற இருவர் கினிப் பன்றிகளுக்குத் தானியத்தை மட்டும் கொடுத்து வந்தனர். கப்பல் மாலுமிகளை ஒருகாலத்தில் கொன்று குவித்த ஸ்கர்வி நோய் அவற்றுக்கும் வந்தது! அந்நோயைச் சோதனைச்சாலையில் ஆராய வழி பிறந்தது இப்படித்தான்.

கடைக்காரர் தரும் முயல் தீனியை மட்டும் போட்டு வந்தால், சில வாரங்களில் மூட்டு வீங்கி, ஈறில் இரத்தம் கசிந்து, நடக்க முடியாமல் அது சுருண்டுவிடும். ஆகவே கொய்யாத் துண்டு, குடைமிளகாய், கொத்தமல்லித் தழை போன்றவற்றில் ஏதேனும் ஒன்றைச் சமைக்காமல் நாள்தோறும் கொடுக்க வேண்டும்.

நோய் வந்தால் வீட்டிலுள்ள மாத்திரையைக் கொடுக்கலாமா? கூடவே கூடாது. நம் உயிரைக் காக்கும் பெனிசிலின் இதன் குடலிலுள்ள நல்ல பாக்டீரியாக்களை அழித்து, உயிரையே வாங்கிவிடும். கால்நடை மருத்துவரிடம்தான் செல்ல வேண்டும்.

அடுத்தது வெப்பம். குளிர்ந்த மலைநாட்டுப் பிராணி இது. வியர்த்து உடலைக் குளிர்விக்கவும் இதனால் இயலாது. 30 டிகிரி செல்சியசுக்கு மேல் போனாலே தவிக்கும். சென்னையிலோ மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் நாள்கள் உண்டு. மொட்டை மாடியில் தகரக் கூரையின் கீழ் கூண்டு வைப்பது அதை அடுப்பில் வைப்பதற்குச் சமம்.

"பிராணி வளர்த்தால்தானே உயிர்களிடம் அன்பு பிறக்கும்?" என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். ஆனால் அதன் தேவையை அறியாமல் காட்டும் அன்பு அதற்குத் துன்பமே தரும்.

மாணவ நண்பர்களே! விலையைக் கேட்கும் முன் உங்களையே மூன்று கேள்விகள் கேளுங்கள். நாள்தோறும் பச்சைத் தழை வாங்க வீட்டில் வசதி உண்டா? கோடையில் காற்றோட்டமான, நிழலான இடம் உண்டா? கூட்டமாக வாழும் பிராணி ஆதலால் ஒரே பாலைச் சேர்ந்த இரண்டை, ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் வரை பராமரிக்க ஆள் உண்டா?

மூன்றுக்கும் 'ஆம்' என்றால் வாங்குங்கள். ஒன்றுக்கு 'இல்லை' என்றாலும் வாங்காதீர்கள். வாங்கியபின் சலித்துப்போய்த் தெருவில் விட்டால், அது ஒரு நாள்கூடப் பிழைப்பது அரிது.