போதை வஸ்து வழக்குகளும் போலீஸ் சோதனையும்

கஞ்சாவோ ஹெராயினோ வைத்திருந்ததாகக் கீழ்க் கோர்ட்டில் தண்டனை பெற்ற ஒருவன் அப்பீலில் விடுதலையடைந்தால், சட்டத்தின் சந்து பொந்துகளில் நுழைந்து தப்பிவிட்டான் என்று ஜனங்கள் முணுமுணுப்பது சகஜமாகிவிட்டது. இவ்வபிப்பிராயத்தை நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை. பார்லிமெண்டு விதித்த முறையைச் சோதனையிட்ட அதிகாரி அலட்சியம் செய்தால், அந்தக் குற்றத்தைக் கோர்ட்டின் தலையில் சுமத்துவது எவ்விதத்தில் நியாயமாகும்?

அபினியைத் தன் ஏகபோகமாக வைத்துக் கல்கத்தாவில் ஏலம் போட்டுப் பொக்கிஷத்தை நிரப்பிக்கொண்ட அந்நிய சர்க்காரின் பழைய அபினிச் சட்டங்களை ரத்து செய்துவிட்டு, 1985-ம் வருஷத்தில் நம் பார்லிமெண்டு புதுச் சட்டம் இயற்றிற்று. அதன் நோக்கத்தில் நமக்கு யாதொரு ஆட்சேபமும் இல்லை. போதையால் சீரழிந்த குடும்பங்களை நாம் அறிவோம். ஆனால் சட்டமோ மிகக் கடுமையானது. 20 கிலோவுக்கு மேல் கஞ்சாவோ, 250 கிராமுக்கு மேல் ஹெராயினோ பிடிபட்டால் 10 வருஷத்துக்குக் குறையாத கடுங்காவல். அது 20 வருஷம் வரையிலும் போகலாம். ஜாமீன் கிடைப்பது அரிது. வஸ்து கைவசம் இருந்ததென்று ருசுவாகிவிட்டால், தான் நிரபராதி என்று காட்டும் பாரம் எதிரியின் மேலேயே விழுகிறது. ஆகவே வழக்கு முழுவதும் ஒரே கேள்வியில் தொங்குகிறது: வஸ்து அவனிடமிருந்து உண்மையாகவே எடுக்கப்பட்டதா? அதைச் சொல்பவர்களோ பல சமயங்களில் சோதனையிட்ட அதிகாரிகள் மாத்திரமே.

இதை உணர்ந்தே சட்டத்தின் 50-வது பிரிவு, சோதிக்கப்படுபவன் கோரினால் அருகிலுள்ள மாஜிஸ்டிரேட்டிடமோ கெஜட்டெட் அதிகாரியிடமோ அவனை அழைத்துச் செல்லவேண்டும் என்கிறது. உரிமை இருப்பதே தெரியாதவன் எப்படிக் கோருவான்? 1999-ல் பஞ்சாப் வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட சுப்ரீம் கோர்ட்டு பெஞ்சு இக்கேள்விக்கு விடையளித்தது. அவ்வுரிமையை அதிகாரியே எடுத்துச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் உடலைச் சோதித்து எடுத்த வஸ்துவை மாத்திரம் ஆதாரமாகக் கொண்டு விதித்த தண்டனை நிற்காது என்பது தீர்ப்பு. சட்டவிரோதமான சோதனையில் கிடைத்த சாக்ஷியமும் செல்லும் என்ற 1974-ம் வருஷத்து வருமான வரித் தீர்ப்பைச் சர்க்கார் தரப்பார் எடுத்துக்காட்டியும் பயன்படவில்லை. ஏறக்குறைய அனுசரித்தோம் என்று சொன்னால் போதாது, முழுதும் அனுசரிக்க வேண்டும் என்று 2010-ல் மற்றோர் ஐவர் பெஞ்சும் உறுதிப்படுத்திற்று.

எனினும் இக்காப்பு உடலைச் சோதிப்பதற்கே. கையிலுள்ள பைக்கு இல்லையென்று 2005-லும் 2023-லும் சுப்ரீம் கோர்ட்டு கூறியது. சட்டத்தின் சொற்படி அவ்வியாக்கியானம் சரியாயிருக்கலாம். ஆனால் ரயிலில் மூட்டையோடு போகும் ஏழைக்கு அது தரும் ஆறுதல் சொற்பம். சட்டைப் பையில் ஒருவர் இட்டுவிடக்கூடியதைத் துணிப்பையில் இடுவது இன்னும் சுலபமல்லவா? இதைத் திருத்தவேண்டியது பார்லிமெண்டு.

தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஓர் அப்பீலில் 2020 அக்டோபர் 29-ந் தேதி அளிக்கப்பட்ட தீர்ப்பையும் நாம் வரவேற்கிறோம். இச்சட்டப்படி புலன் விசாரிக்கும் அதிகாரிகளும் போலீஸ் அதிகாரிகளே. ஆகவே அவர்களிடம் கொடுத்ததாகச் சொல்லப்படும் ஒப்புதல் வாக்குமூலத்தைக் கொண்டு எவரையும் தண்டிக்கலாகாது என்று மூன்று நீதிபதிகளில் இருவர் தீர்மானித்தார்கள். ஒருவர் மாறுபட்டார்.

2024 ஜூலை 1-ந் தேதி அமுலுக்கு வந்த புதிய குற்ற விசாரணைச் சட்டம், சோதனையையும் கைப்பற்றுதலையும் ஒலி ஒளிப் பதிவு செய்யவேண்டும் என்கிறது. பையைத் திறந்த பிறகு காமிராவைத் திறப்பதால் பிரயோஜனமில்லை. சோதனை துவங்குமுன்பே பதிவு துவங்கவேண்டும். மாஜிஸ்டிரேட்டிடமே சாதாரண ஜனங்களுக்கு அதிக நம்பிக்கை உண்டு, கூடியவரை அவரிடமே கொண்டுபோக முயலவேண்டும் என்று 2010-ம் வருஷத்துத் தீர்ப்பிலேயே யோசனை சொல்லப்பட்டிருக்கிறது. ராஜ்ய சர்க்கார்கள் அதையே உத்தரவாக்கி ஒவ்வொரு போலீஸ் ஸ்டேஷனுக்கும் அனுப்பட்டும்.