எல்லாவற்றுக்கும் 'ஆம்' போடும் பட்டியல்

சூலூரில் நின்றால் இரண்டு சத்தம் கேட்கும். மேலே போர் விமானம், கீழே விசைத்தறி. 2018 ஜூலையில் விமானப்படையின் 45ஆவது ஸ்குவாட்ரன் தேஜஸ் விமானங்களோடு பெங்களூரிலிருந்து இங்கே வந்தது. 2020 மே 27 அன்று 18ஆவது ஸ்குவாட்ரனும் இதே ஊரில் தேஜஸோடு பணியைத் தொடங்கியது. தறிகள் அதற்கு எத்தனையோ வருடம் முன்பிருந்தே ஓடுகின்றன. இதற்கும் பொட்டி தட்டுகிறவர்களின் 'கோட் ரிவ்யூ'வுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். இருக்கிறது. விமானம் கிளம்பும் முன்பும், துணி ஏற்றுமதிக்குப் போகும் முன்பும் ஒருவர் பட்டியலை வைத்துக்கொண்டு பார்க்கிறார். மென்பொருளிலும் ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் படித்துப் பார்க்க ஒரு பட்டியல் உண்டு. ஆனால் அந்தப் பட்டியலில் கேட்கப்படும் கேள்விகள் இருக்கின்றனவே...

இறுதியாண்டு புராஜெக்ட் செய்த யாருக்கும் அந்தத் தாள் பழக்கமானதுதான். 'நிரல் எளிதில் புரிகிறதா? பெயர்கள் பொருத்தமாக உள்ளனவா? பிழைகள் முறையாகக் கையாளப்பட்டுள்ளனவா? போதுமான கமெண்ட் உள்ளதா?' முப்பது கேள்வி, முப்பது டிக். வாங்கி வைத்த டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிடும். டிக் போட்டவர் சோம்பேறி என்று திட்டுவது சுலபம். உண்மையில் கோளாறு கேள்வியில் இருக்கிறது. நிரலைத் திறக்காமலே 'ஆம்' என்று பதில் சொல்ல முடிகிற கேள்விக்கு, திறக்காமலே பதில் எழுதத்தான் செய்வார்கள்.

துணி பார்க்கிறவரிடம் 'துணி நல்லா இருக்குங்களா?' என்று மட்டும் கேட்டால் சிரிப்பார். ஆயத்த ஆடைத் தொழிலில் நான்கு புள்ளி முறை என்று ஒன்று உண்டு. குறை 3 அங்குலம் வரை இருந்தால் 1 புள்ளி, 6 வரை 2, 9 வரை 3, அதற்கு மேல் 4. நூறு சதுர கெஜத்துக்கு எத்தனை புள்ளி என்று கூட்டிப் பார்ப்பார்கள். பொதுவாக 40ஐத் தாண்டினால் துணி திரும்பி வரும். குறை எங்கே, எவ்வளவு நீளம் என்பதுதான் அங்கே கேள்வி. அளந்து பார்க்காமல் இதற்குப் பதில் எழுத முடியாது.

இதை அப்படியே நிரலுக்குக் கொண்டுவர முடியும். சூலூர், சோமனூர் பக்கத்துத் தறிக்காரர் ஒருவருக்காக ஒரு மாணவர் கூலிக் கணக்கு நிரல் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். பாவும் நூலும் ஜவுளி உற்பத்தியாளர் கொடுப்பார், நெய்து கொடுத்தால் மீட்டருக்கு இவ்வளவு கூலி. 'கணக்கு சரியாக உள்ளதா?' என்று பட்டியல் கேட்டால், ஆம், 100 மீட்டர் போட்டுப் பார்த்தாயிற்று, சரியாக வருகிறது. ஆனால் கூலி ஏறிய தேதிக்கு முன் நெய்த துணியை மறுவாரம் பதிவு செய்தால் எந்தக் கூலி விழும்? இது கேள்வி. இந்தப் பகுதியில் கூலி என்பது சும்மா ஒரு எண் இல்லை. 2022இல் கூலி உயர்வுக்காகக் கோவை, திருப்பூர் மாவட்டத் தறிகள் வாரக்கணக்கில் நின்றன. அப்படிப் போராடி வாங்குகிற எண்ணை நிரலில் ஏழு இடத்தில் எழுதி வைத்து, ஆறு இடத்தில் மட்டும் மாற்றினால் யாருடைய பணம் போகும்? ஆகவே 'இந்த எண் மாறினால் எத்தனை இடத்தில் திருத்த வேண்டும்?' என்பது அடுத்த கேள்வி. அந்த வாரம் ஒரு மீட்டர்கூட நெய்யாதவருக்குச் சீட்டு எப்படி வரும்? பைசாவை முழு எண்ணாக வைத்திருக்கிறதா, தசமமாகவா? மிச்சம் வரும் அரைப் பைசா யார் பக்கம் போகிறது? இவற்றில் எதற்குமே 'ஆம்' என்று பதில் சொல்ல முடியாது. நிரலைத் திறந்து வரியைக் காட்டியாக வேண்டும்.

இப்படிப்பட்ட கேள்விகள் எங்கிருந்து கிடைக்கும்? நடந்த தவறுகளிலிருந்துதான். விமானிகளின் பட்டியலே அப்படிப் பிறந்ததுதான். 1935 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவில் போயிங் 299 என்ற சோதனை விமானம் மேலேறிய உடனே விழுந்து நொறுங்கியது. இயந்திரத்தில் கோளாறு எதுவும் இல்லை. தரையில் நிற்கும்போது காற்றில் ஆடாமல் இருக்கப் போட்ட பூட்டை எடுக்க மறந்திருந்தார்கள். அதன் பிறகு விமானிகள் உட்கார்ந்து பட்டியல் எழுதினார்கள். அந்தப் பூட்டு கவனிக்கப்படாமல் இனி யாரும் கிளம்ப முடியாது.

மென்பொருளிலும் பூட்டுக் கதைகள் ஏராளம். 1996 ஜூன் 4 அன்று ஏரியன் 5 ராக்கெட் முதன்முறையாகக் கிளம்பி சுமார் 40 நொடிகளில் சிதறியது. 16 பிட்டுக்குள் அடங்காத எண்ணை அதற்குள் திணித்ததுதான் காரணம். அந்த நிரல் ஏரியன் 4இலிருந்து அப்படியே எடுத்தது. பழைய ராக்கெட்டின் வேகத்துக்கு அந்த எண் அவ்வளவு பெரிதாக வராது என்று முன்பே யோசித்துத்தான் காவல் போடாமல் விட்டிருந்தார்கள். புதியது வேறு பாதையில் வேகமாகப் போகும் ராக்கெட். 'நிரல் சோதிக்கப்பட்டதா?' என்று கேட்டிருந்தால் அன்றும் ஆம் என்ற பதில்தான் வந்திருக்கும். கேட்க வேண்டியது இது: 'இந்தத் துண்டு எங்கிருந்து வந்தது? அங்கே உண்மையாக இருந்தது இங்கேயும் உண்மையா?' சீனியர் புராஜெக்டிலிருந்து எடுத்து ஒட்டுகிறவர்களுக்கும், இப்போது ஏஐ எழுதிக் கொடுப்பதை அப்படியே போடுகிறவர்களுக்கும் இந்த ஒரு கேள்வியே பாதிப் பட்டியல்.

ஐபிஎம்மில் வேலை பார்த்த மைக்கேல் ஃபேகன் 1976இலேயே இதை ஒரு முறையாக எழுதி வைத்தார். ஒவ்வொரு ஆய்விலும் கிடைக்கும் பிழைகளை வகை பிரித்துக் குறித்துக்கொண்டு, அதிகம் வருவதை அடுத்த ஆய்வில் முதலில் தேட வேண்டும் என்பது அதில் உண்டு. அதை விட்டுவிட்டு இணையத்தில் கிடைக்கும் ஐம்பது கேள்வித் தாளை அச்செடுத்து ஒட்டுவது பக்கத்து வீட்டுக்காரரின் மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போவது போல.

இடைவெளி, அடைப்புக்குறி, பயன்படுத்தாத மாறி, எந்த வழியிலும் ஓடாத வரி, இதையெல்லாம் மனிதரிடம் கேட்கவே கூடாது. ஆப்பிளின் பாதுகாப்பு நிரலில் ஒரே வரி தவறுதலாக இரண்டு முறை வந்து, அதற்குக் கீழே இருந்த சரிபார்ப்பு ஓடாமலே போனது 2014இல் தெரியவந்தது. கம்பைலரின் ஒரு எச்சரிக்கையை இயக்கி வைத்திருந்தால் அதுவே கத்தியிருக்கும். கருவி பிடிக்கிற வேலையைக் கருவியிடம் தள்ளிவிட்டால் தாளில் ஏழெட்டுக் கேள்விதான் மிஞ்சும். அதுவே போதும்.

புதிதாக ஒரு பிழை கிடைத்தால் ஒரு கேள்வி உள்ளே வரும், ஒன்று வெளியே போக வேண்டும். எதை எடுப்பது என்று தெரியாவிட்டால் ஒவ்வொரு கேள்விக்கு எதிரிலும் இந்த செமஸ்டரில் அது பிடித்த பிழைகளின் எண்ணிக்கையை எழுதிப் பார்க்கலாம். 'போதுமான கமெண்ட் உள்ளதா' என்பதற்கு எதிரில் பெரும்பாலும் பூஜ்யம்தான் வரும்.