மலையேறும் வண்டிக்கு ஒரு நியாயம்

மலைமேல் ஏறுவதற்கு ஒரு வண்டிக்கு முதலில் எது வேண்டும் என்று கேட்டால், நம்மில் பெரும்பாலோர் சிறிதும் யோசியாமல் குதிரைச் சக்தி என்று சொல்லிவிடுகிறோம். விளம்பரங்களும் ஷோரூம்களும் பல ஆண்டுகளாக நமக்குப் போதித்து வந்திருக்கும் பாடம் அதுவே. ஆயினும் 105 குதிரைச் சக்தி மட்டுமே உடைய சுசுகி ஜிம்னி என்னும் சிறு வண்டி, தன்னைப்போல் இரண்டு மடங்கு சக்தியும் ஏறக்குறைய இரண்டு மடங்கு எடையும் கொண்ட வண்டிகள் சேற்றுச் சரிவுகளில் திணறி நிற்கும் இடங்களை நிதானமாகக் கடந்து ஏறுவதைப் பார்த்தவர்கள், சக்தி வேறு, சாமர்த்தியம் வேறு என்பதை ஒப்புக்கொள்வார்கள். அந்தச் சாமர்த்தியத்தை நம் நாட்டின் வரி விதிப்பு கண்டுகொள்வதே இல்லை என்பது என் குறை.

ஜிம்னியின் சரித்திரம் ஒரு வரிச் சட்டத்தின் நிழலில்தான் தொடங்குகிறது. நீளமும் எஞ்சினின் கொள்ளளவும் குறிப்பிட்ட வரம்புக்குள் அடங்கிய சிறு வண்டிகளுக்கு ஜப்பானில் நெடுங்காலமாகச் சலுகை உண்டு. அவற்றைக் 'கே' வண்டிகள் என்பார்கள். ஹோப் என்ற சிறிய கம்பெனி தயாரித்து, விற்க இயலாமல் கைவிட்ட ஒரு நான்கு சக்கர இழுவை வண்டியின் உரிமையை 1968-இல் விலைக்கு வாங்கிய சுசுகி, அதைத் திருத்தி அமைத்து 1970-இல் முதல் ஜிம்னியை வெளியிட்டது. 359 சி.சி. கொள்ளளவுள்ள இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின், 25 குதிரைச் சக்தி, அவ்வளவுதான். மொத்த நீளம் 3 மீட்டரைத் தாண்டிவிடக் கூடாது என்பதற்காக, ஸ்டெப்னியைப் பின்புறம் தொங்கவிடாமல், ஓர் ஆள் உட்காரும் இடத்தைப் பறித்து உள்ளேயே வைத்தார்கள். பனியும் குறுகலான மலைப்பாதைகளும் மிகுந்த அந்நாட்டில் இந்தப் பொடி வண்டி நிலைத்து நின்றதற்குக் காரணம், அந்தச் சட்டம் அதன் மீது சுமத்திய சிறுமையே அதற்கு வரமாக அமைந்ததுதான்.

சரிவின் கணக்கு எளிதானது. 30 பாகைச் சரிவில் நிற்கும் வண்டியை, அதன் எடையில் சரிபாதி பின்னோக்கி இழுக்கிறது. ஏறத்தாழ 1,200 கிலோ எடையுள்ள ஜிம்னி 600 கிலோவை எதிர்த்து ஏறவேண்டும் என்றால், 2,200 கிலோ எடையுள்ள பெரிய வண்டி 1,100 கிலோவை எதிர்த்து ஏறவேண்டும். எடை கூடினால் டயரின் பிடிமானமும் அதே விகிதத்தில் கூடுமே என்று பௌதிகம் படித்தவர்கள் ஆட்சேபிக்கக்கூடும். கெட்டியான பாறையின்மேல் அது வாஸ்தவம். ஆனால் மலைப்பாதை முழுவதும் பாறையாக வாய்ப்பதில்லை. ஈர மண்ணிலும் உதிர்ந்த சரளையிலும் கனத்த வண்டி தன் சக்கரத்தடியில் உள்ள மண்ணையே பெயர்த்துக்கொண்டு ஆக்ஸில்வரை புதைந்து போகும். இலேசான வண்டி அந்த மண்ணை அதிகம் கலைக்காமல் மேலே போய்விடும்.

அடுத்து, பற்சக்கரம். ஜிம்னியில் கியர் லீவருக்குப் பக்கத்தில் இன்னொரு சிறு லீவர் உண்டு. அதை ஃபோர் எல் என்னும் நிலைக்குத் தள்ளினால், நான்கு சக்கரங்களுக்கும் செல்லும் முறுக்கு விசை இரண்டு மடங்காகிறது, வேகம் பாதியாகிறது. எஞ்சின் தருவது 134 நியூட்டன் மீட்டர்தான். ஆனால் ஃபோர் எல்லில் ஃபர்ஸ்ட் கியர் போட்டுவிட்டால், ஆள் நடக்கும் வேகத்தில், கிளட்சைத் தேய்க்காமல், ஒவ்வொரு கல்லாகப் பார்த்து ஏறலாம். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குப் பயணிகளை ஏற்றிக்கொண்டு அந்தக் கற்பாதையில் தினந்தோறும் போய்வரும் ஜீப் ஓட்டுநர்களைக் கவனித்தவர்களுக்கு இந்த நிதானம் புதிதன்று. சரிவைக் கண்டதும் ஆக்ஸிலேட்டரை மிதித்துப் பாய்கிறவன் பார்ப்பதற்கு வீரனாகத் தோன்றினாலும், பாதி வழியில் சக்கரம் துள்ளிப் பிடிமானம் இழந்து நிற்பவனும் பெரும்பாலும் அவனே.

மேடு பள்ளமான பாதையில் ஒரு சக்கரம் அந்தரத்தில் தூக்கிக்கொள்ளும்போது நிகழ்வதுதான் இந்த வித்தையின் சூட்சுமமான பகுதி. சாதாரண டிஃபரன்ஷியல், எளிதாகச் சுழலும் சக்கரத்தையே சுழற்றிக்கொண்டிருக்கும் இயல்புடையது. ஆகவே காற்றில் நிற்கும் சக்கரம் வீணாகச் சுற்ற, தரையில் ஊன்றிய சக்கரம் சும்மா நிற்கும். ஜிம்னியில் முன்னும் பின்னும் ஒரே துண்டான, வளையாத ஆக்ஸில் இருப்பதால், ஒரு பக்கச் சக்கரத்தைக் கல் மேலே தள்ளும்போது மறுபக்கச் சக்கரம் கீழே அழுந்தித் தரையைத் தொட முயல்கிறது. அப்படியும் ஒன்று தூக்கிக்கொண்டால், சுழலும் அந்தச் சக்கரத்துக்கு மட்டும் பிரேக்கைத் தானாகவே பிடித்து, விசையை எதிர்ப்பக்கத்துக்குத் திருப்பிவிடும் ஏற்பாடு இருக்கிறது. டிஃபரன்ஷியலையே முழுதாகப் பூட்டிவிடும் வண்டிகள் இதைவிட உறுதியானவை என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் இந்தச் சிக்கனமான உபாயம் பெரும்பாலான இடங்களுக்குப் போதும்.

இத்தனை இருந்தும் ஏற முடியாமல் நின்றுவிட்டால் என்ன செய்வது? புதிதாக ஓட்டுகிறவர்கள் அச்சத்தில் வண்டியைக் குறுக்கே திருப்பிவிட முயல்கிறார்கள். சரிவில் அதைவிட ஆபத்தான காரியம் வேறில்லை. வண்டி பக்கவாட்டில் உருண்டுவிடும். பிரேக்கை அழுத்திப் பிடித்து, ரிவர்ஸ் கியரைப் போட்டு, கிளட்சை முழுவதும் விட்டு, எஞ்சினே இழுத்துப் பிடிக்க, வந்த தடத்திலேயே நேராகப் பின்னிறங்க வேண்டும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வண்டி ஏறும் என்பதற்காகப் புல்வெளியிலும் சோலைக்காட்டிலும் புதுத் தடம் போடுவது சாமர்த்தியமாகாது.

சிறு வண்டியின் மலையேற்றத்துக்கு உலகம் அறிந்த அத்தாட்சி தென் அமெரிக்காவில் இருக்கிறது. சிலியும் அர்ஜென்டினாவும் சந்திக்கும் எல்லையில் ஓஹோஸ் தெல் சலாதோ என்னும் எரிமலை நிற்கிறது. உயரம் 6,893 மீட்டர். 2007 ஏப்ரலில் கொன்சாலோ பிராவோ, எதுவார்தோ கனாலெஸ் என்ற சிலி நாட்டவர் இருவர், ஜிம்னியின் முந்திய தலைமுறையைச் சேர்ந்த சமுராய் வண்டியைப் பெரிதும் மாற்றியமைத்து, அந்த மலையில் 6,688 மீட்டர்வரை ஓட்டிச் சென்றார்கள். காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் பாதிக்கும் குறைவாக இருக்கும் உயரம் அது. மோட்டார் வண்டி எட்டிய உச்ச உயரம் என்ற பெருமை பத்தாண்டுகளுக்கு மேல் அந்தச் சிறு வண்டியிடமே இருந்தது.

இந்தியாவுக்கும் இந்தக் குடும்பம் அந்நியமன்று. 1985-இல் வந்த மாருதி ஜிப்ஸி இதன் உடன்பிறப்பு. ராணுவமும் போலீஸும் வனத்துறையும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அதை நம்பின. 2023 ஜூனில் ஐந்து கதவு ஜிம்னி, 12.74 லட்சம் ரூபாய் ஆரம்ப விலையில் இங்கே விற்பனைக்கு வந்தது. பின்கதவுகளுக்காக முன் பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரத்தை 2,250 மில்லிமீட்டரிலிருந்து 2,590 ஆக நீட்டினார்கள். அதன் பலனாக, மேட்டின் உச்சியைத் தாண்டும்போது வயிறு இடிக்காமல் கடக்கும் கோணம் 28 பாகையிலிருந்து 24 ஆகக் குறைந்தது. எனக்கு இதில் வருத்தம்தான். அப்படி விட்டுக்கொடுத்தும் நம் ஜனங்கள் திருப்தி அடையவில்லை: நாலு பேர்தான் உட்காரலாம், சாமான் வைக்க 208 லிட்டர் இடம்தான், நெடுஞ்சாலையில் வேகம் போதாது என்றார்கள். குடும்பத்தோடு ஊருக்குப் போகிறவர் அப்படிச் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் குருகிராமில் தயாரான அதே வண்டியை, 2025 ஜனவரி இறுதியில், நோமாட் என்ற பெயரில் சுசுகி ஜப்பானில் அறிமுகம் செய்தபோது, மாதம் 1,200 வண்டிகள் விற்றால் போதும் என்று எண்ணியிருந்த கம்பெனிக்கு நான்கே நாட்களில் ஏறக்குறைய 50,000 ஆர்டர்கள் வந்து குவிய, முன்பதிவையே நிறுத்தி வைக்கவேண்டியதாயிற்று.

வாங்குவோரின் ருசியைச் சட்டம் போட்டு மாற்ற முடியாது. வரியை மாற்றலாம். 2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறையில் இருக்கும் ஜி.எஸ்.டி. விதிப்படி, நீளம் 4 மீட்டருக்குள்ளும் பெட்ரோல் எஞ்சின் 1,200 சி.சி.க்குள்ளும் இருக்கும் காருக்கு 18 சதவீதம். அந்த வரம்பை மீறியதற்கு 40 சதவீதம். 3,985 மில்லிமீட்டர் நீளமுள்ள ஜிம்னி முதல் பரீட்சையில் தேறுகிறது, 1,462 சி.சி. எஞ்சின் காரணமாக இரண்டாவதில் தோற்றுப்போய், இரண்டு டன்னுக்கு மேற்பட்ட ஆடம்பர வண்டிகளோடு ஒரே வரிசையில் நின்று 40 சதவீதம் கட்டுகிறது. சிறிய எஞ்சினில் டர்போவைப் பொருத்தி இதைவிட அதிக சக்தி எடுக்கும் கார்கள் 18 சதவீதத்தோடு தப்பிவிடுகின்றன. சாலையைத் தேய்ப்பதும் எரிபொருளைக் குடிப்பதும் மோதினால் எதிரில் வருகிறவரைக் கொல்வதும் முக்கியமாக வண்டியின் எடையே ஆகையால், எடையை அளவாகக் கொள்வதே நியாயம். பிரான்ஸ் 2022 முதல் கனத்த வண்டிகளுக்கு எடையைப் பார்த்தே கூடுதல் வரி விதிக்கிறது. முதலில் 1,800 கிலோ என்றிருந்த வரம்பை 2024-இல் 1,600 ஆகக் குறைத்தது.

ஜி.எஸ்.டி. கவுன்சில் அடுத்த முறை கார்களைப் பற்றிப் பேசக் கூடும்போது, சிறிய கார் என்பதன் இலக்கணத்தில் நீளத்தோடும் சி.சி.யோடும் எடையையும் சேர்க்க வேண்டும். 1,250 கிலோவுக்கு உட்பட்ட வண்டிக்கு, அதன் எஞ்சின் 1,500 சி.சி.யாக இருந்தாலும், 18 சதவீத வரியே விதிக்க வேண்டும்.