மட்டன் என்று ஒரே பெயர், விலை மட்டும் மூன்று: பசாரில் நீங்கள் வாங்குவது எதை?

பத்துமலையில் தைப்பூசம் முடிந்து, இடும்பன் பூஜையும் ஆன பிறகுதான் நம்மில் பல வீடுகளில் திரும்பவும் கறிச்சட்டி அடுப்பில் ஏறும். அந்த வார ஞாயிற்றுக்கிழமை காலையில் செலாயாங் பக்கமோ செந்தூல் பக்கமோ பசாருக்குப் போனால் ஒரு குழப்பம் காத்திருக்கும். ஒரு கடையில் மட்டன் ஒரு விலை. பத்தடி தள்ளி இன்னொரு கடையில் அதைவிட ரொம்பவே கூடுதல். பேரங்காடி ஃப்ரீசரில் இரண்டையும்விடக் குறைவு. 'இதுல யாரு ஏமாத்துறாங்க?' என்றுதான் உடனே கேட்கத் தோன்றும்.

பெரும்பாலும் யாருமே ஏமாற்றவில்லை. மூன்று கடைகளும் மூன்று வேறு பொருள்களை விற்கின்றன, பெயர்தான் ஒன்று. ஆனால் அந்த ஒற்றைப் பெயருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு ஏமாற்றுவதும் சுலபம். சிக்கலே அங்குதான்.

முதலில் லேபிளைப் பாருங்கள். மலாயில் 'காம்பிங்' என்றால் வெள்ளாடு, 'பெபிரி' என்றால் செம்மறியாடு. 'காம்பிங் பெபிரி' என்று சேர்த்து எழுதியிருந்தால் அது செம்மறிதான். முதல் வார்த்தையோடு படிப்பதை நிறுத்திவிட்டால் வெள்ளாடு என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வருவீர்கள். தமிழில் நாம் இரண்டையும் 'மட்டன்' என்று சொல்லிப் பழகிவிட்டோம், கடைக்காரருக்கும் அது வசதியாகப் போய்விட்டது.

அடுத்து, அது எங்கிருந்து வருகிறது? மலேசியா தனக்குத் தேவையான ஆட்டிறைச்சியில் ஏறக்குறைய 10 விழுக்காட்டை மட்டுமே உள்நாட்டில் உற்பத்தி செய்கிறது. மீதிக்கு நாம் வெளிநாட்டைத்தான் நம்பியிருக்கிறோம், குறிப்பாக ஆஸ்திரேலியாவையும் நியூசிலாந்தையும். அங்கிருந்து வருவதில் பெரும்பகுதி உறைந்த செம்மறி இறைச்சி. ஆஸ்திரேலியச் செம்மறி இறைச்சியைச் சீனாவும் பெருமளவில் வாங்குகிறது. அங்கே தேவை கூடினாலோ ரிங்கிட்டின் மதிப்பு இறங்கினாலோ கிள்ளானில் உங்கள் கறிக்கடைக்காரர் விலையை ஏற்றித்தான் ஆகவேண்டும். அவரைத் திட்டிப் பயனில்லை.

கோழியின் கதை வேறு. நம் தேவையில் பெரும்பகுதியை நாமே வளர்க்கிறோம். கறிக்கோழி ஐந்து ஆறு வாரத்தில் தயாராகிவிடும். வெள்ளாட்டுக்குச் சினைக்காலமே ஐந்து மாதம், ஈனுவது ஒன்றோ இரண்டோ குட்டி, பிறகு மாதக்கணக்கில் வளர்க்க வேண்டும். ஆட்டு விலை கோழி விலை மாதிரி இறங்காததற்கு இதுதான் அடிப்படைக் காரணம்.

கோழிக்கும் சிக்கல் வராமல் இல்லை. தீவனத்துக்கான சோளமும் சோயாவும் இறக்குமதிதான். 2022-இல் உலகச் சந்தையில் அவற்றின் விலை எகிறியபோது, அரசாங்கம் பிப்ரவரி 5 முதல் ஸ்டாண்டர்ட் கோழிக்குக் கிலோ 8.90 ரிங்கிட் என உச்சவரம்பு வைத்தது. ஜூன் 1-இல் ஏற்றுமதியை நிறுத்தியது, சிங்கப்பூர் கோழிச்சோற்றுக் கடைகள் தவித்தது நினைவிருக்கும். ஜூலை 1-இல் உச்சவரம்பு 9.40 ஆனது. கடைசியில் 2023 நவம்பர் 1 முதல் உதவித்தொகையும் விலைக் கட்டுப்பாடும் நீக்கப்பட்டன.

அதனால் இப்போது பண்டிகைக் காலத் திட்டங்கள் தவிர்த்து, கோழி விலையைத் தீர்மானிப்பது சந்தைதான். விலையை ஒப்பிடும்போது ஒன்றைக் கவனியுங்கள். 'ஸ்டாண்டர்ட்' என்றால் தலை, கால், ஈரல், கல்லீரப்பை எல்லாம் சேர்ந்தது. 'சூப்பர்' என்றால் அவை நீக்கப்பட்டது. ஒரு கடையின் ஸ்டாண்டர்ட் விலையை இன்னொரு கடையின் சூப்பர் விலையோடு ஒப்பிட்டு 'இங்க மலிவு' என்று சொல்வதில் அர்த்தமில்லை.

'ஃப்ரெஷ்' என்றால் என்ன?

உண்மையில் உங்கள் பணம் அதிகம் வீணாவது இந்த ஒரு வார்த்தையில்தான். உறைந்த செம்மறியை உருகவைத்துத் தட்டில் பரப்பினால் பார்ப்பதற்கு அன்றைக்கு வெட்டியது மாதிரியே இருக்கும். கண்டுபிடிக்கச் சில வழிகள் உண்டு. எலும்பின் வெட்டுமுகத்தைப் பாருங்கள். உறைந்த இறைச்சியைப் பெரும்பாலும் மெஷின் ரம்பத்தில் அறுப்பார்கள், எலும்பு வழுவழுப்பாக, நேர்கோடாக இருக்கும். கத்தியால் வெட்டியதில் எலும்பு சிதறியிருக்கும், சில்லு தெறித்திருக்கும். தட்டின் அடியில் சிவப்புத் தண்ணீர் தேங்கி நிற்கிறதா? விரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கிறதா? உருகிய இறைச்சியாக இருக்க வாய்ப்பு அதிகம். கொழுப்பு தடித்து, வெள்ளையாக, வாடை தூக்கலாக இருந்தால் செம்மறி என்று சந்தேகிக்கலாம். வெள்ளாட்டில் பொதுவாகக் கொழுப்பு குறைவு. இதில் எந்த ஒன்றும் தனியாக நிரூபணம் ஆகாது. இரண்டு மூன்று அறிகுறிகள் சேர்ந்து வந்தால் கேள்வி கேளுங்கள்.

உறைந்த இறைச்சியே மட்டம் என்று அர்த்தமில்லை. முறையாக மைனஸ் 18 பாகையில் வைத்து விற்பது, நம்ம வெயிலில் காலையிலிருந்து மதியம் வரை திறந்த தட்டில் கிடந்த 'ஃப்ரெஷ்' கறியைவிடப் பாதுகாப்பானது. 5 முதல் 60 பாகைக்கு இடையில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும், நம் பசாரின் நண்பகல் வெப்பம் அதற்குள்தான் வருகிறது. மசாலா தூக்கலாகப் போட்டு நீண்ட நேரம் வேகவைக்கும் பிரட்டலுக்கு உறைந்த செம்மறி தாராளமாகப் போதும். உள்ளூர் வெள்ளாட்டுக்குக் கூடுதலாகக் கொடுப்பது சூப்புக்கோ எலும்பு ரசத்துக்கோ என்றால்தான் அந்தக் காசு நாக்கில் தெரியும் என்பது என் கருத்து. சேவலும் ஆடும் நேர்ந்துகொண்ட வீடுகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அது வேறு விஷயம்.

நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து முழு ஆடு வாங்குவதும் நம்மிடம் பழக்கம். அப்போது உயிரோடு சொல்லும் விலையையும் கறிவிலையையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். தோல், குடல், இரத்தம் எல்லாம் போக, ஆட்டின் எடையில் பாதிக்கும் குறைவாகத்தான் எலும்போடு கறி கிடைக்கும். உதாரணத்துக்கு, உயிரோடு கிலோ 30 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். 30 கிலோ ஆட்டுக்கு 900 ரிங்கிட். கறி 14 கிலோ தேறினால், கிலோவுக்கு 64 ரிங்கிட்டுக்கு மேல் விழுகிறது. தலை, கால், குடல் பங்கு பிரிப்பதைச் சேர்த்தால் கொஞ்சம் ஈடுகட்டலாம். வெட்டுக்கூலி உண்டா என்பதை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

விலையை ஒப்பிட, உள்நாட்டு வாணிபம், வாழ்க்கைச் செலவின அமைச்சின் 'பிரைஸ்கேட்சர்' ஆப் இருக்கிறது. எந்தக் கடையில் கோழி என்ன விலை என்று வீட்டிலிருந்தே பார்க்கலாம். தரத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. அமைச்சின் 'ஜுவாலான் ரஹ்மா' விற்பனையில் அத்தியாவசியப் பொருள்கள் 10 முதல் 30 விழுக்காடு வரை தள்ளுபடியில் கிடைக்கும், உங்கள் தொகுதியில் எப்போது நடக்கிறது என்று பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். பண்டிகைக் கால உச்சவரம்புக்கு உட்பட்ட பொருள்களுக்கு இளஞ்சிவப்பு விலை அட்டை வைத்திருக்க வேண்டும். அந்த அட்டையிலும் எது, எந்த நாட்டுடையது, எலும்போடா இல்லையா என்று படியுங்கள். இறக்குமதி செம்மறிக்கு வைத்த உச்சவரம்பைக் காட்டி உள்ளூர் வெள்ளாட்டை அதே விலைக்குக் கேட்க முடியாது.

செம்மறியை வெள்ளாடு என்றோ, உறைந்ததை இன்று வெட்டியது என்றோ சொல்லி விற்றால் அது வியாபாரத் தந்திரம் அல்ல, குற்றம். 2011 வாணிப விவரிப்புச் சட்டத்தின் கீழ், பொய் விவரம் சொல்லி விற்கும் தனிநபருக்கு 100,000 ரிங்கிட் வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். புகார் எண் 1-800-886-800. ரசீது இல்லாத புகாரை நிரூபிப்பது கஷ்டம், அதனால் வாங்கும்போதே ரசீதில் 'மட்டன்' என்று மட்டும் போடாமல் வெள்ளாடா செம்மறியா என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்கும் கடையில் அதிக விலை கொடுக்காதீர்கள்.