செம்மண்ணுக்கும் உப்புத் தண்ணீருக்கும் நடுவில் முந்திரிகை

புலம்பெயர்ந்த எங்கடை ஆட்களுக்கு இடைக்கிடை ஒரு காய்ச்சல் வரும். ஒருமுறை கோழிப்பண்ணை, இன்னொருமுறை கலியாண மண்டபம். இப்போது ஒஸ்லோவில் நாலுபேர் கூடினால் காதில் விழுவது "யாழ்ப்பாண வைன்". பனி கொட்டுகிற நோர்வேயிலேயே முந்திரிகை விளையுது, வெயில் கொழுத்துகிற எங்கடை ஊரிலை விளையாதோ என்று கேட்கிறார்கள். "தம்பி, பிரான்சிலையிருந்து நல்ல இனக் கண்டைக் கொண்டுபோய் நட்டால் முடிஞ்சுது அலுவல்" என்றார் ஒரு அண்ணை. முடியாது அண்ணை. ஏன் முடியாது என்பதையும், அதைவிட அவசரமான ஒரு விஷயத்தையும் எழுதத்தான் இந்தப் பதிவு.

முதலில் ஒரு சொல். தமிழ்நாட்டு வாசகர்கள் முந்திரி என்றதும் கொட்டையை நினைப்பீர்கள். அது எங்களுக்கு மரமுந்திரிகை அல்லது கஜு. யாழ்ப்பாணத்தில் முந்திரிகை என்றால் திராட்சைதான்.

நோர்வேக் கதையைப் பார்ப்போம். ஒஸ்லோ இருப்பது ஏறத்தாழ 60 பாகை வட அகலாங்கில். இதே கோட்டில் மேற்கே போனால் கிறீன்லாந்தின் தென்முனை வரும். அங்கே பனிக்கட்டி, இங்கே அப்பிளும் செரியும். வித்தியாசத்துக்குப் பெரிய காரணம் கடல். அத்திலாந்திக்கின் வெந்நீரோட்டமும் அதன் மேலால் வரும் தென்மேல் காற்றும் இந்த நாட்டின் குளிரை மட்டுப்படுத்துகின்றன. பியோர்ட்டுகள் என்ற நீண்ட கடற்கிளைகள் அந்த இதத்தை உள்நாடு வரைக்கும் கொண்டுவருகின்றன. தெலமார்க்கில் குவார்வ் என்ற ஊரிலும், 61 பாகைக்கு மேலே சொங்னே பியோர்ட்டின் கரையிலும் இன்று முந்திரிகைத் தோட்டங்கள் இருக்கின்றன.

ஆனால் எங்கே வேண்டுமானாலும் நட்டால் வராது. தெற்குப் பார்த்த சரிவு வேண்டும். சரிவென்றால் சாய்ந்து வரும் சூரியக்கதிர் நேராக விழும், இரவில் குளிர்காற்று தங்காமல் கீழே வழிந்து போய்விடும். முன்னால் தண்ணீர் இருந்தால் அது பகல் சூட்டைப் பிடித்துவைத்து இரவில் மெல்ல விடும். ஜூன் மாதத்தில் கிட்டத்தட்ட 19 மணிநேரப் பகல். இவ்வளவும் சேர்ந்தாலும் கோடை குறுகியது. அதனால் பெயர்பெற்ற பிரெஞ்சு இனங்களை விட்டுவிட்டு, 1975இல் ஜெர்மனியின் பிறைபூர்க்கில் உருவாக்கிய சொலாரிஸ் என்ற வெள்ளை இனத்தை நடுகிறார்கள். சீக்கிரம் பழுக்கும், பூஞ்சண நோயைத் தாங்கும். இவ்வளவு செய்தும் பழத்தில் புளிப்புத் தூக்கலாகத்தான் நிற்கும். கவனியுங்கள், நோர்வேக்காரன் தன் நிலத்துக்கேற்ற கொடியைத் தேடினான், பெயருக்கேற்ற கொடியைத் தேடவில்லை.

இப்போது ஊருக்கு வருவோம். யாழ்ப்பாணம் 10 பாகைக்குச் சற்றுக் கீழே. பகல் எப்போதும் 12 மணியை ஒட்டியே இருக்கும். குளிர்காலம் என்று ஒன்று கிடையாது. ஐரோப்பாவில் கொடியைப் பனி தூங்கவைக்கும், வசந்தம் எழுப்பும். எங்கடை ஊரில் அந்த வேலையைக் கத்தி செய்கிறது. கமக்காரன் கொப்பைக் கவ்வாத்துப் பண்ணினால் கொடி துளிர்க்கும், அதிலிருந்து ஏறத்தாழ நாலு மாதத்தில் குலை பழுக்கும். ஆகவே ஆண்டுக்கு இரண்டு போகம் எடுக்கலாம். எப்போது வெட்டுவது என்பதில்தான் கெட்டித்தனம் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மாரியில் குலை பழுத்தால் பழம் வெடிக்கும், அழுகும், இலையில் அடிச்சாம்பல் படரும். சோளகக் காற்று வீசும் வறட்சிக் காலத்தில் பழம் முதிருமாறு கணக்குப் போட வேண்டும்.

அடிச்சாம்பல் நோய்க்கு எங்கடை ஆட்கள் அடிக்கிற மருந்துக்குப் பெயரே போர்டோக் கலவை. துருசும் சுண்ணாம்பும். பிரான்சின் போர்டோ பகுதியில், வழிப்போக்கர்கள் பழம் களவெடுக்காமலிருக்கத் தெருவோரக் கொடிகளில் இதைத் தெளித்தார்களாம். அந்தக் கொடிகளில் மட்டும் நோய் வராததைக் கண்ட மியார்தே என்ற தாவரவியல் பேராசிரியர் 1885இல் அதை உலகுக்குச் சொன்னார். போர்டோவும் கடலோரப் பகுதிதான், அங்கும் ஈரக்காற்றுத்தான் எதிரி. அந்த அளவில் போர்டோவும் கோப்பாயும் சொந்தக்காரர்.

ஒற்றுமை அதோடு சரி. வைனுக்கு இனிப்பு மட்டும் போதாது, புளிப்பும் வேண்டும். பழம் முதிரும்போது இரவு குளிர்ந்தால்தான் புளிப்பு மிஞ்சும். யாழ்ப்பாணத்து இரவுகள் பெரும்பாலும் 25 பாகையை அண்டியே நிற்பவை. கொடி இரவிலும் மூச்சுவிட்டு அமிலத்தை எரித்துவிடும். இந்தியாவில் நாசிக்கில் வைன் வந்ததென்றால் அது கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 600 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, குளிர் இரவுகளுள்ள காலத்தில் பழம் முதிருமாறு வெட்டுகிறார்கள். எங்களிடம் மலையும் இல்லை, மேடும் இல்லை. கம்பம் பள்ளத்தாக்குக்காரரைப் பாருங்கள். 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்த பன்னீர்த் திராட்சையைத் தங்கள் மண்ணுக்குப் பழக்கி, பழமாகவும் சாறாகவும் விற்று, 2023இல் அதற்குப் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டார்கள்.

எங்களுக்கும் அப்படி ஒன்று இருக்கிறது. இஸ்ரேல் புளூ என்று ஊரில் சொல்லும் கருநீலப் பழம். தோல் தடிப்பு, நல்ல நிறம், சாற்றுக்கு உகந்தது. 1928இல் தொடங்கிய செபமாலைதாசர் சபையின் தோலகட்டி ஆச்சிரமத்துத் துறவிகள் நெல்லி ரசத்தோடு முந்திரிகை ரசமும் செய்து, அந்தப் பெயரை வீடுவீடாக நிலைநாட்டினார்கள். புதிய கம்பனி தொடங்க நினைப்பவர்கள் போர்டோவுக்குப் போகுமுன் தோலகட்டிக்குப் போய்ப் பார்க்கலாம்.

சரி, அவசரமான விஷயம் என்றேனே, அது தண்ணீர்.

குடாநாட்டில் ஓடுகிற ஆறு என்று சொல்ல மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாறு ஒன்றுதான். மழைநீர் செம்மண்ணால் இறங்கிச் சுண்ணாம்புக்கல்லின் பொந்துகளில் தேங்குகிறது. அந்த நன்னீர், கீழேயுள்ள உவர்நீரின் மேல் ஒரு வில்லைபோல மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஒரு அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. மறுபக்கம் யோசியுங்கள். அளவுக்கு மீறி இறைத்து மேலே ஒரு அடி இறங்கினால், கீழே உப்பு 40 அடி ஏறப் பார்க்கும். முந்திரிகை உப்பைத் தாங்கும் பயிரல்ல. இலை ஓரம் கருகி, குலை சிறுத்து, கொடி மெல்லச் சாகும்.

துலாவில் இறைத்த காலத்தில் மனிதனின் தோள்வலுவே கட்டுப்பாடாக இருந்தது. இயந்திரம் வந்தது, பிறகு குழாய்க்கிணறு வந்தது. குழை தாழ்த்திய தோட்டங்களில் யூரியா மூட்டை அவிழ்ந்தது. அந்த யூரியாவும் மலக்குழிக் கழிவும் பொந்துக்கல்லால் நேரே கிணற்றுக்கு இறங்குகின்றன. வலிகாமத்தில் பல கிணறுகளில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் சொல்லும் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியிருக்கிறது. கைக்குழந்தைக்கு அது கூடாது. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்த விவகாரத்தில் 2014, 2015இல் சனம் தெருவுக்கு இறங்கியது நினைவிருக்கும். 2024இல் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை திறந்தாயிற்று. கடலை வடித்துக் குடிக்கிற நிலைக்கு வந்துவிட்டோம் என்பதுதான் அதன் பொருள். அந்த விலைத் தண்ணீரில் முந்திரிகை வளர்க்க முடியாது.

இதில் எங்கள் காசுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து சனத்தைக் கிளப்பிய இராணுவம் பிடித்த காணி இன்னும் முழுதாக விடுபடவில்லை. அதை நாங்கள் சரியாகவே கண்டிக்கிறோம். ஆனால் விடுபட்டிருக்கிற செம்மண்ணுக்கு நாங்கள் செய்வது என்ன? உரும்பிராய், நீர்வேலிப் பக்கத்துத் தோட்டக்காணியைப் பவுணிலும் குறோணரிலும் வாங்கி, ஆண்டுக்கு மூன்று கிழமை தங்குவதற்கு மாடிவீடு கட்டி, முற்றம் முழுக்கச் சீமெந்துக் கல் பதித்து, மூலையில் ஒரு குழாய்க்கிணறும் அடிக்கிறோம். மழை மண்ணுக்குள் இறங்குகிற வழியை மூடிவிட்டு, அடியிலிருந்து உறிஞ்சுகிறோம்.

நாங்கள் தஞ்சமடைந்த இந்த நாட்டில் நிலப்பரப்பில் 3 வீதம்தான் பயிர்நிலம். அதைக் காக்க 1995ஆம் ஆண்டு நிலச்சட்டம் இருக்கிறது. பயிர்நிலத்தை அனுமதியில்லாமல் வேறு தேவைக்குப் பயன்படுத்தக்கூடாது. அதோடு சொந்தக்காரன் அதைப் பயிர்செய்தே ஆகவேண்டும், முடியாவிட்டால் செய்யக்கூடியவனுக்குக் குத்தகைக்குக் கொடுக்கவேண்டும். இங்கே இந்தச் சட்டத்துக்குப் பணிந்து நடக்கிற நாங்கள், ஊருக்குப் போனதும் "என்ரை காசு, என்ரை காணி" என்கிறோம்.

ஆகவே வைன் கம்பனிக்குப் பங்கு சேர்க்கும் அண்ணைமாரிடம் நான் கேட்பது இவ்வளவுதான். அந்தக் காசில் பத்துத் தோட்டங்களுக்குச் சொட்டுநீர்க் குழாய் போட்டுக் கொடுங்கள். தூர்ந்த குளங்களையும் கேணிகளையும் வாருங்கள், மாரித் தண்ணீர் கடலுக்கு ஓடாமல் நிலத்துக்குள் இறங்கட்டும். வாங்கிப் போட்ட தோட்டக்காணியை அயலிலுள்ள கமக்காரனுக்குக் குத்தகைக்கு விடுங்கள். வீடு கட்டத்தான் வேண்டுமென்றால் செம்மண்ணில் கட்டாதீர்கள், முற்றத்தை மூடாதீர்கள். சாறு பிழிகிற ஆலை அதற்குப் பிறகு வரட்டும். அதற்குப் பங்கு கேட்டால் நானும் தருவேன்.